கொடியில் காய்ந்த பச்சைக் கரைச் சேலை

எனக்கு எழுபத்தாறு நடக்கிறது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. அந்த நாலாவது, என் வீட்டுக்காரருடைய தங்கை மகள் செல்வி. தாய் இறந்த வீட்டிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. வழியெல்லாம் என் தோளைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரம், நான் முதன்முதலாக மேடை ஏறிப் பேசிய கதையைச் சொல்வதாக இருந்தேன். அது கிடக்கட்டும். செல்விக்கு நடந்ததைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின சீசன். சிவகாசி போகிற வேன்கள் விடியுமுன்னே ஹாரன் அடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பகலில் எங்கள் தெருவில் கோழிகளும் கிழடுகளும்தான் மிச்சம். சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து, சுளகில் பரப்பிய மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் எரிச்சல்.

முதலில் அதிர்ந்தது சுளகுதான். வத்தல் தானாகத் துள்ளியது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்து ஆட்கள் சத்தம் கேட்டதும் ஓடமாட்டார்கள். எந்தத் திசை என்று பார்ப்பார்கள். கிழக்கே என்றால் ஒரு பட்டாசுக் கம்பெனி, தெற்கே என்றால் இன்னொன்று. அந்தப் பக்கம் யார் வீட்டு ஆள் வேன் ஏறியது என்று மனசு அதற்குள் தேடத் தொடங்கிவிடும். அன்று நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது புகை ஊருக்கு வெளியே எங்கும் இல்லை. ஊருக்குள் இருந்தது. எங்கள் பின்தெருவில் இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

செல்வி வீட்டு ஓடெல்லாம் தெருவில் கிடந்தது. அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மருதாணி வைத்தவள் காயட்டும் என்று வைத்திருப்பாளே, அதுமாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு. முகம் முழுக்க வெடிமருந்தின் வெள்ளிப் பொடி. புருவம் இல்லை. அழவும் இல்லை. என்னைக் கண்டதும் கேட்டாள்:

"அத்தை, ஆபீசருக வந்துட்டாகளா?"

எந்த ஆபீசர் என்று எனக்கு விளங்கவில்லை. பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன்.

"யாரும் வரல தாயி. நான்தான் வந்திருக்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, வலியுமில்லை. சொன்ன சொல் தவறிய ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அது என்ன பார்வை என்று ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏம்மா, டீ வாங்கிட்டு வா"

அன்று எங்கள் மொட்டைமாடிக் கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, பச்சைக் கரை. அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தது. அந்தச் சேலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பஞ்சாயத்துத் தலைவரான புதிது. பெண்களுக்கு ஒதுக்கிய முறை அது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த என்னை ஊர் கூடி நிறுத்தியது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார். அடுப்புக்கரியால் சமையல்கட்டுச் சுவரில் எழுதி எழுதிப் பழகினேன்.

முதல் கூட்டத்துக்கு, வேலைக்குப் போகிற சேலையோடு போனேன். அங்கே இருந்த ஒரு அதிகாரி என்னைப் பார்த்து, "ஏம்மா, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா" என்றார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போய், டீ வாங்கி வந்து, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க உக்காரக் கூடாதும்மா. தலைவர் வருவாங்க."

"தலைவர் வந்துட்டாக. டீயும் குடுத்துட்டாக" என்றேன்.

அவருக்குப் புரை ஏறிவிட்டது.

கூட்டத்தில் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் என் வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போய் அந்தச் சேலையை வாங்கிவந்தார். "இனிமே ஆபீசருக முன்னால நீ இதத்தான் கட்டணும். ஒருத்தனும் டீ கேக்கக் கூடாது." அன்றிலிருந்து அதிகாரிகள் முன்னால் நான் வேறு சேலையில் நின்றதில்லை. ஒன்று நைந்தால் அதேபோல இன்னொன்று வாங்குவேன். கரை மட்டும் மாறாது.

அதைச் சும்மா எடுத்து உடுத்த முடியாது. சோற்றுக் கஞ்சி போட்டு, கொடியில் காயவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால்தான் விறைப்பாக நிற்கும். அதனால் எந்த அதிகாரி வந்தாலும் முந்தின நாளே சேலை கொடிக்கு ஏறிவிடும்.

வெடி இல்லாத வீடு

தீபாவளி நெருங்கினால் கம்பெனிகளிலிருந்து தலைவர்கள் வீட்டுக்குப் பட்டாசுப் பெட்டி வரும். என் வாசலுக்கும் வந்தது. வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன். "சிவகாசிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, அடுத்த வீட்டு வெடிக்குக் காதப் பொத்துற ஒரே குடும்பம் நம்ம குடும்பம்தான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

பிள்ளைகள் மறுநாள் காலையில் தெருவில் வெடிக்காமல் கிடப்பதைப் பொறுக்கிவருவார்கள். பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைப்பார்கள். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம். அதில் செல்விதான் கெட்டிக்காரி. அதற்காக அவளை விளக்கமாற்றால் அடித்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி கட்டவந்த கான்ட்ராக்டர் ஒரு வாழைத்தாரோடு வீட்டுக்கு வந்தார். "இதுல என்ன இருக்கும்மா, பழந்தானே" என்றார். பழம்தான். நான் அதை அவர் வண்டியிலேயே ஏற்றி, தொட்டி கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய், சாரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கொத்தனாரும் சித்தாளும் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான்.

இப்படித்தான் நான் பேர் எடுத்தேன். திரும்பத் திரும்ப நின்றேன், திரும்பத் திரும்ப ஜெயித்தேன். பொது முறை வந்து ஆண்கள் எதிர்த்து நின்றபோதும் ஜெயித்தேன். பிறகு ஒன்றியத்துக்கும் போனேன். எல்லாம் அந்தப் பேருக்குக் கிடைத்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"நாளைக்கு வாரோம்"

பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டில் வைத்து வெடி செய்து விபத்தான பிறகு, அதிகாரிகள் ஊர் ஊராக வந்து வீடுகளைச் சோதனை போட ஆரம்பித்தார்கள். லைசென்சு உள்ள கம்பெனியில் தனித்தனி அறை இருக்கும், மணல்வாளி இருக்கும், தரையில் ரப்பர் விரித்திருக்கும். வீட்டில் என்ன இருக்கும்? அடுப்பு இருக்கும், சாமி விளக்கு இருக்கும், பிள்ளை இருக்கும்.

எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் முந்தின நாள் எனக்குப் போன் வரும். "நாளைக்கு வாரோம். ஊருக்குப் பொறுப்பான ஆளா நீங்க கூட நிக்கணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது." நான் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதில்லை. வீட்டுக்காரர் மட்டும், "என்ன, சேலை வெளிய வருது?" என்று கேட்பார். "ஆபீஸ் சோலி" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மறுநாள் அதிகாரிகளுக்கு முன்னால் நான் நடப்பேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் சிரித்த முகத்தோடு நிற்பார்கள். "வாங்க சார், உள்ள வந்து பாருங்க" என்பார்கள். குழம்புச் சட்டியைக்கூடத் திறந்து காட்டுவார்கள். எந்த வீட்டிலும் ஒரு பிடி மருந்து கிடைத்ததில்லை. "உங்க ஊரு மாதிரி வேற ஊரு கிடையாதும்மா" என்று அந்த அதிகாரிகளே சொல்வார்கள். பதவி முடிந்த பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்தத் தொடரிலேயே சில வாரங்களுக்கு முன்னால், "எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மருந்து கிடையாது" என்று சொல்லியிருந்தேன். அச்சாகி வந்ததை டீக்கடையில் வாசித்துவிட்டுச் சிரித்தார்களாம். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை வாசித்துத்தான் விருதுநகரிலிருந்து சிலர் வந்தார்கள். நேர்மையாகப் பொதுவேலை பார்த்தவள் என்று எனக்கு ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. பெரிய அதிகாரிகள் வருவார்கள், சால்வை போடுவார்கள் என்றார்கள். மூத்த மகனிடம் மட்டும் சொன்னேன். நம்மைப் பாராட்டப்போகிறார்கள் என்று நாமே தெருவில் சொல்லித் திரிவது எனக்குப் பிடிக்காது.

விழாவுக்கு முந்தின நாள். குழாயில் தண்ணீர் வரவே மதியமாகிவிட்டது. வழக்கத்தைவிடத் தாமதமாகக் கஞ்சி போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி, சேலையைக் கொடியில் விரித்துவிட்டு வந்தேன். சாப்பிட்டேன். வத்தலை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தா

செல்வியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் பொழுது சாய்ந்தும் வராந்தா பெஞ்சிலேயே நானும், அவள் பக்கத்து வீட்டு மாரியம்மாளும். எங்கள் மேலெல்லாம் அந்தக் கருகின வாடை. மாரியம்மாள் என்னைவிடச் சின்னவள், வாய் பெரிது. கையில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"தலைவரம்மா, ஒண்ணு கேப்பேன். கோவிக்கக் கூடாது."

"கேளு."

"ரெய்டு ஏன் வரல?"

"என்ன ரெய்டு?"

"வெளாடாதீக. சேலை தொங்குச்சுல்ல? தெருவே பாத்துச்சு. எப்பவும் காலையிலயே ஏறிரும். நேத்துன்னு மதியம் போல ஏறுச்சு. இம்புட்டு லேட்டா சொல்லுறாகளே, ஒருவேளை இன்னைக்குப் பொழுதுக்குள்ளயே வந்துருவாகளோன்னு செல்வி பதறிட்டா. சீசன் ஆர்டரு. வீடு கொள்ளாத சரக்கு. 'பொறுடி, நானும் வாரேன், ரெண்டு பேருமாத் தூக்குவோம்'னேன். கேக்கல. சாக்கத் தரையோட இழுத்துட்டா."

மருந்துச் சாக்கைத் தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் வெடித்துவிடும். எங்கள் பக்கத்தில் நடை பழகின பிள்ளைக்கும் அது தெரியும். செல்விக்குத் தெரியாதா?

"யாருடி சொல்லுறது? சேலையில என்னத்தச் சொல்லுறது?"

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் என்னையே பார்த்தது.

"அடியாத்தே! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவள்தான் மெல்ல மெல்லச் சொன்னாள்.

"நீங்க எங்களுக்காகத்தான் தொங்கவிடுறீகன்னு நெனச்சோம். வாயால சொன்னா உங்க பேரு கெட்டுப்போகும், அதான் சேலையில சொல்லுறாகன்னு பேசிக்குவோம். சேலை ஏறுனதும் சரக்கக் கட்டி, கம்மாய்க்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டுல கொண்டுபோய்ப் போட்டுருவோம். மறுநா நீங்க ஆபீசருகளோட வந்து, 'எங்க ஊர்ல ஒண்ணும் கிடையாது'ன்னு சொல்லுவீகள்ல, மூஞ்சியில ஒரு அசங்கல் இருக்காது. என்னா நடிப்பு நடிக்கிறாக பாருன்னு, நீங்க அங்கிட்டுப் போனதும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போகும் எங்களுக்கு."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அப்ப, ஓட்டு?"

"பின்ன? தண்ணித் தொட்டி கட்டுனதுக்கா போட்டோம்? அந்தத் தண்ணிதான் உப்பாச்சே."

என் விரல்களில் வத்தல் எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற பெண்களின் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குழம்புச் சட்டியைத் திறந்து காட்டினவள் வந்தாள். 'சேலை வெளிய வருது' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனவரும் வந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் சிரித்தாரோ? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரைப் போய்க் கேட்பேன்?

வாயைக் கட்டியே வாழ்ந்தவள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் தலைக்கு மேலே அந்தச் சேலை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

அதற்கு மறுநாள் செல்வியைப் பார்க்க விட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு.

"மாரி சொன்னா. நெசமாவே தெரியாதா அத்தை?"

"தெரியாது."

"நான் போன கம்பெனிக்கு லைசென்சு போயி, வேன் நின்னு போச்சு. பெறகு நான் எப்படிச் சாப்பிடுறேன்னு நீங்க கேக்கவே இல்ல. சரி, அத்தைக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேக்காம இருக்காகன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சிருந்தா உன் கைய ஒடிச்சிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். செல்வி லேசாகச் சிரித்தாள்.

"இனி அந்த வேலை உங்களுக்கு இல்ல அத்தை."

அவர் எழுதாதது

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. "உங்க ஊர்ல வீட்ல வெச்சு வெடி செய்றது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு சேலை விஷயத்தைச் சொன்னேன். பேனா நின்றது.

"அம்மா, சேலைய எல்லாம் எப்படிம்மா எழுதுறது? மேல படிக்கிறவங்க சிரிப்பாங்க. உங்களுக்குத் தெரியாது. அது போதும்."

"தெரியாதுங்கிறது நெசம்தான் தம்பி. அத மட்டும் எழுதுனா பொய்யாப் போகும்."

"இந்த வயசுல எதுக்கும்மா உங்க பேர நீங்களே கெடுத்துக்கிறீங்க?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போடவில்லை. சேலையையும் எழுதிக்கொண்டு வாருங்கள், போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் வரவில்லை.

விருதுநகர்க்காரர்களும் வந்தார்கள். விழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். டெம்போவில் என் படம் போட்ட ஃபிளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது. "நடந்தது துக்கம்தான். ஆனா அது வேற, இது வேற" என்றார் வந்தவர்.

"வேற இல்லய்யா. ரெண்டும் ஒரே கொடியில தொங்குனது. நான் வரல" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சால்வையையாவது வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்.

சேலை அதுவரைக்கும் கொடியிலேயே கிடந்தது. எடுக்க மாடி ஏறினேன். கஞ்சி விறைப்பில் பலகை மாதிரி நின்றது. ஒரு பக்கம் கரி படிந்திருந்தது. நான் கை வைத்ததும், பின்தெரு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்று என் கையைப் பார்த்தார்கள். எம்புட்டு வருஷமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ!

"ஏத்தா! நாளைக்கு யாரும் வரல! இனிமே இதப் பாக்காதீக! வீட்டுல வச்சிருக்கிறதத் தண்ணிய ஊத்தி நனைச்சுப் போடுங்க!" என்று கத்தினேன்.

ஒரு கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சேலையைக் கஞ்சி போகும்வரை பச்சைத் தண்ணீரில் அலசி அலசிப் பிழிந்தேன். இப்போது பழந்துணி மாதிரி மெத்தென்று இருக்கிறது. நர்சம்மாவிடம் கேட்டேன். கட்டின்மேல் படக் கூடாது, கையை வைக்கிற தலையணைமேல் விரிக்கலாம் என்றார். விரித்திருக்கிறேன். செல்வியின் இரண்டு கையும் அந்தப் பச்சைக் கரைக்கு நடுவில் கிடக்கின்றன. விரல்கள் மடங்குமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். அந்த அதிகாரி எழுதமாட்டேன் என்றதை என் பேத்தி அபி எழுதுகிறாள். அவளுக்கு நான் சொல்வதை அழகுபடுத்துகிற பழக்கம் உண்டு. இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

செல்வி கண்ணை மூடியிருக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"அபி, மொதல்ல இருந்து வாசி. மெதுவா வேண்டாம், சத்தமா. உங்க செல்வி அத்தை காதுல விழட்டும். எந்த எடத்துல அவ வேண்டாங்கிறாளோ, அங்கன அவ பேர அடிச்சுரு. என் பேர அடிக்காத. ம்… வாசி தாயி."